கட்டை ஸ்கீயை விட்டு நீட்டு ஸ்கீக்கு மாறத்தான் வேண்டுமா?

கல்லடி ரீச்சர்

சுவிஸில் இருப்பவர்களும், அங்கே பல வருடம் இருந்துவிட்டு ஊரோடு வந்தவர்களும் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். அதனால்தான் இதை இங்கே கேட்கிறேன். ஸ்னோவில் வழுக்கி ஓடக் காலில் பூட்டும் ஸ்கீப் பலகையின் நீளம் பற்றிய கேள்வி.

போன டிசம்பர் லீவுக்கு பேர்னில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். அத்தானும் பெறாமகனும் என்னை கிரிண்டெல்வால்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். பேர்னில் ரயில் ஏறி இன்ரலாக்கனில் மாறினால் ஒன்றரை மணித்தியாலம் அளவில் போய்விடலாம். ஊருக்கு மேலே போட்மி என்று பழகுகிறவர்களுக்கான சரிவு ஒன்று இருக்கிறது. நேர் எதிரே ஐகர் மலையின் வடக்குச் சுவர். எனக்கு வயது 46. அதற்கு முன் ஸ்னோவைத் தொட்டதே இல்லை.

முதல் நாள் வாடகைக்கு எடுத்தது 140 செ.மீ. ஸ்கீ. என் உயரம் 155. நிமிர்த்திப் பிடித்தால் மூக்கு மட்டத்துக்கு வந்தது. அங்கே பிள்ளைகளுக்கு 'பீட்சா' என்று சொல்லிக் கொடுக்கிறார்கள். முன்முனைகளைச் சேர்த்து, பின்பக்கத்தை அகட்டி வைத்தால் வேகம் குறையும். எனக்கு முன்முனைகள் சேரவில்லை, ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. விழுந்தால் எழும்புவதற்கே இரண்டு பேர் வேண்டும். என் பாதத்துக்கு முன்னாலும் பின்னாலும் நான் அறியாத ஏதோ ஒன்று நீண்டு கிடக்கிறது, அது என் பேச்சைக் கேட்கவில்லை. பின்னேரம் முழங்கால் இரண்டும் விண் விண் என்று வலித்தது. அக்காவிடம் இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தேன்.

அடுத்த நாள் பெறாமகன் பழைய சாமான்கள் விற்கும் கடையில் 20 பிராங்குக்கு ஒரு சோடி வாங்கி வந்தான். 99 செ.மீ. நிறுத்தி வைத்தால் இடுப்பளவு. முன்னும் பின்னும் இரண்டு முனையும் மேல்நோக்கி வளைந்தவை. கையில் தடி தேவையில்லை என்றான்.

அன்று மத்தியானம் நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வலது காலின் உட்பக்கத்தில் பாரத்தைக் கொடுத்தேன், இடது பக்கம் திரும்பியது. இடது காலில் கொடுத்தேன், வலது பக்கம் திரும்பியது. நான் நினைத்த இடத்தில், நினைத்த நேரத்தில். இரும்பு விளிம்பு ஸ்னோவை வெட்டுகிற சத்தம் கேட்டது. துருவலையில் தேங்காய் துருவும்போது வரும் அந்தச் சத்தம்தான். கீழே வந்ததும், ஆட்களை மேலே கொண்டுபோகும் ரப்பர் பட்டியில் ஏறிப் போனேன், திரும்ப வந்தேன். பதினெட்டுத் தரம் எண்ணினேன், அப்புறம் எண்ணவில்லை.

சின்ன வயதில் அப்பாவின் பெரிய சைக்கிளில்தான் ஓடப் பழகினேன். சீற்றில் இருந்தால் கால் எட்டாது, பாருக்குக் கீழால் காலை விட்டு மிதிக்க வேண்டும். ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் சின்னச் சைக்கிளை வாங்கிக் கல்லடிக் கடற்கரை வீதியில் ஓடினேன். அன்றைக்குத்தான் சைக்கிள் என்றால் என்ன என்று தெரிந்தது. போட்மியில் அதே உணர்வு, 35 வருடம் கழித்து.

இப்போது வரும் டிசம்பருக்கும் போகிறேன். அத்தான் எனக்கென்று 145 செ.மீ. புது ஸ்கீ வாங்கப் போகிறாராம். கட்டை ஸ்கீ பிள்ளைகளின் சாமான், பழகும் வரைக்கும்தான் அது, வளர்ந்தவர்கள் நீட்டுக்கு மாற வேண்டும் என்கிறார். அன்பாகத்தான் சொல்கிறார். ஆனால் எனக்கு மாற விருப்பமில்லை. நான் போட்டிக்கு ஓடப் போவதில்லை, கடினமான கறுப்புப் பாதையில் இறங்கப் போவதும் இல்லை. இலகுவான நீலப் பாதையில் என் பாட்டுக்குத் திரும்பித் திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான். கட்டையோடே நின்றால் எனக்கு என்ன இல்லாமல் போகும்? தெரிந்தவர்கள் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

இன்னொன்று. விட்டுவிட்டு வர மனம் வராமல் அந்தச் சோடியைப் பன்பாயில் சுற்றி ஊருக்குக் கொண்டுவந்துவிட்டேன். எங்கள் வீடு மட்டக்களப்பு கல்லடியில், திருச்செந்தூர் முருகன் கோயிலடியில், கடலுக்குக் கிட்ட. நேற்று அலுமாரிக்குப் பின்னால் இருந்து எடுத்துப் பார்த்தேன், இரும்பு விளிம்பு முழுவதும் செம்மஞ்சளாகத் துரு. விரலில் மாவாக ஒட்டுகிறது. இதற்கு என்ன செய்வது?

களுவாஞ்சிக்குடி

வணக்கம் அக்கா. நான் டாவோஸில் ஸ்கீ வாடகைக் கடையில் 11 வருடம் வேலை செய்தவன். வாசிக்கச் சந்தோசமாக இருந்தது. ஆனால் நீளத்தைப் பற்றிக் கதைக்க முன் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் 99இல் சப்பாத்தைப் பிடிக்கும் பைண்டிங் எப்படிப்பட்டது? முன்னால் ஒரு கம்பி வளையம், பின்னால் கையால் அழுத்திப் பூட்டும் நெம்பு, அவ்வளவுதானா? பக்கத்தில் இலக்கம் போட்ட சின்ன சன்னல் ஏதும் இருக்கிறதா? விழும்போது எப்போதாவது ஸ்கீ காலில் இருந்து கழன்றதா?

துருவுக்குப் பயப்பட வேண்டாம், அது மேலால் பிடித்ததுதான். முதலில் இதைச் சொல்லுங்கள்.

ரொறன்ரோ தம்பி

ரீச்சர், நான் இங்கே புளூ மவுண்டன் சரிவில் 170 செ.மீ. ஸ்கீயில் ஓடுகிறேன். கட்டையில் கொஞ்சம் வேகம் எடுத்தாலே முன்முனை படபட என்று அடிக்கும். நீட்டில் வேகமாக வரும்போது இருக்கிற அந்த நிதானம் ஒரு தரம் பிடிபட்டால் நீங்களே கட்டையைத் தேட மாட்டீர்கள். அத்தான் சொல்வது சரி.

கல்லடி ரீச்சர்

@களுவாஞ்சிக்குடி, நீங்கள் சொன்னபடியேதான். முன்னால் கம்பி, பின்னால் நெம்பு. இலக்கம் ஒன்றும் இல்லை. கழன்றதே இல்லை. அது நல்லது என்றுதான் நினைத்திருந்தேன்.

கடைசி நாள் ஒரு தரம் பக்கவாட்டில் விழுந்தேன். ஸ்கீ ஸ்னோவில் குத்தி நின்றுவிட்டது, உடம்பு திரும்பிவிட்டது. முழங்காலுக்குக் கீழே, சப்பாத்தின் விளிம்புக்குச் சற்று மேலே, துணி பிழிவதுபோல் ஒரு முறுக்கு. எழும்பி நடக்க முடிந்தது. ஆனால் ஒரு கிழமைக்கு அந்த இடம் நீலமாக இருந்தது. அக்காவுக்குக்கூட நான் காட்டவில்லை.

@ரொறன்ரோ தம்பி, நீங்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. நான் உயர்தரத்துக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறவள், இரவு உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு கோலை நடுவில் பிடித்துச் சுழற்றினால் அதன் சடத்துவத் திருப்பம், அதாவது சுழற்சிக்கு அது காட்டும் எதிர்ப்பு, திணிவையும் நீளத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. நீளம் குறைந்தால் திணிவும் குறையும். ஆகவே நீளத்தின் மூன்றாம் அடுக்கு என்று வைத்துக்கொள்ளலாம். 99ஐ 140ஆல் வகுத்தால் 0.71, அதன் மூன்றாம் அடுக்கு 0.35. அகலத்தையும் சப்பாத்தின் பாரத்தையும் விட்டுவிட்டுப் பார்த்தால், கட்டை ஸ்கீயைத் திருப்ப எனக்கு வேண்டியிருந்தது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடிய முயற்சி. முதல் நாள் நான் மந்தமாக இருக்கவில்லை, ஸ்கீதான் பாரமாக இருந்தது. இது எனக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் அதே கணக்குத்தான் உங்கள் படபடப்பையும் சொல்கிறது. நான் தொட்டால் லேசாகத் திரும்புகிற ஒன்று, வழியில் கிடக்கும் ஸ்னோக் கட்டி தொட்டாலும் லேசாகத் திரும்பும்.

களுவாஞ்சிக்குடி

அக்கா, அந்த நீலம் பட்டதைச் சொன்னது நல்லதாகப் போயிற்று. அத்தானோடு கதைக்கும்போது நீளத்தை விட முதலில் இதைத்தான் கதைக்க வேண்டும்.

சாதாரண ஸ்கீயின் பைண்டிங் இரண்டு வேலை செய்யும். ஓடும்போது சப்பாத்தைப் பிடித்து வைத்திருக்கும், அளவுக்கு மீறிய முறுக்கு வந்தால் விட்டுவிடும். முன்பக்கம் பக்கவாட்டில் விடும், குதிப்பக்கம் மேல்நோக்கி விடும். எவ்வளவு முறுக்குக்கு விட வேண்டும் என்பதைத்தான் அந்த இலக்கம் காட்டுகிறது. உயரம், நிறை, வயது, ஓடும் திறமை, சப்பாத்து அடியின் நீளம் எல்லாவற்றையும் பார்த்து வைக்கும் இலக்கம் அது. உங்கள் 99இல் அந்த வேலை இல்லை. அது பிடித்தால் பிடித்ததுதான். கட்டையாக இருப்பதால் முழங்கால் சவ்வுக்கு வரும் ஆபத்து குறைவு, அது உண்மை. ஆனால் கழராத பைண்டிங்கில் முறுக்கு முழுவதும் சப்பாத்துக்கு மேலே இருக்கும் எலும்புக்குப் போகும். நீங்கள் காட்டிய அதே இடம். அப்படி முறிந்து வந்தவர்களைக் கடையில் இருந்தே நான் பார்த்திருக்கிறேன். 46 வயதில் அந்த எலும்பு முறிந்தால் ஒரு தவணை முழுவதும் பள்ளிக்கூடம் போக முடியாது.

இன்னொன்று, கழரும் ஸ்கீயில் பிறேக் இருக்கும். கழன்றவுடன் இரண்டு கம்பிகள் கீழே இறங்கி ஸ்னோவில் குத்தி நிறுத்திவிடும். கழராததில் பிறேக் இல்லை, அதற்குக் காலோடு கட்டும் வார் வேண்டும். உங்களதில் வார் இருந்ததாக நீங்கள் எழுதவில்லை. சப்பாத்தைப் பூட்டும்போது கைதவறினால் அது தனியாகக் கீழே போகும், கீழே சின்னப் பிள்ளைகள் நிற்பார்கள்.

சரி, இப்போது நீளம்.

கட்டை பிள்ளைகளின் சாமான் என்பது பிழை. 1960களில் அமெரிக்காவில் கிளிஃப் டெய்லர் என்பவர் வளர்ந்தவர்களுக்கே மூன்று அடி ஸ்கீயில் தொடங்கிப் படிப்படியாக நீட்டிப் பழக்கும் முறையைப் பரப்பினார். அந்தக் காலத்தில் மற்றவர்கள் எல்லோரும் தலைக்கு மேலே கையை நீட்டினால் தொடும் உயரத்துக்கு ஸ்கீ போட்டார்கள். வளர்ந்த ஆம்பிளை என்றால் 2 மீற்றர். 1990களில்தான் நடு ஒடுங்கி இரண்டு முனையும் அகன்ற வடிவம் வந்தது. சாய்த்தாலே அது வளைந்து திரும்பும். அதற்குப் பிறகு எல்லோரின் ஸ்கீயும் கட்டையாகிவிட்டது. இன்றைக்கு உலகக் கிண்ணத்தில் சிலாலம் ஓடும் பெண்களுக்கு 155 செ.மீ.தான் குறைந்தபட்ச நீளம், ஆண்களுக்கு 165. அடிக்கடி திரும்ப வேண்டிய போட்டி அது. நேராக இறங்கும் டவுன்ஹில் ஓட்டத்தில் ஆண்களுக்கு 218. திருப்பத்துக்குக் கட்டை, வேகத்துக்கு நீட்டு. ஒன்று மற்றதை விட உயர்ந்தது இல்லை.

உங்களுடையதைப்போல ஒரு மீற்றருக்கும் குறைந்தவை கடைகளில் பரவியது 1990களில்தான். கால்விரல் வடிவம் வைத்த கினைசல் பிக்ஃபூட்டைக் கடையில் பார்த்திருக்கிறேன், 65 செ.மீ. அளவுதான் இருக்கும். பிறகு சாலமன் கொண்டுவந்த ஸ்னோபிளேட் நன்றாக ஓடியது. வாடகைக்கு எடுத்துப் போனவர்கள் எல்லோரும் சிரித்த முகத்தோடு திருப்பிக் கொண்டுவருவார்கள். நீங்கள் எழுதிய அந்த மத்தியானத்தை நான் எத்தனையோ பேரின் முகத்தில் கண்டிருக்கிறேன்.

கட்டையோடு நின்றால் என்ன இல்லாமல் போகும் என்று கேட்டீர்கள். புது ஸ்னோ விழுந்த காலையில் நீங்கள் புதைவீர்கள், நீட்டில் வருகிறவர்கள் மேலால் போவார்கள். இரண்டு சரிவுக்கு நடுவில் சமதரை வந்தால் உங்களுக்கு ஓட்டம் நின்றுவிடும், தடியும் இல்லாததால் நடக்க வேண்டி வரும். முன்னால் நீளம் இல்லாததால் உடம்பு கொஞ்சம் முன்னுக்குச் சரிந்தாலும் முகம் குப்புற விழுவீர்கள். கட்டையில் எப்போதும் பாதத்தின் நடுவிலேயே நிற்க வேண்டும். மற்றப்படி, நன்றாகத் தேய்த்து வைத்த நீலப் பாதையில் திரும்பித் திரும்பி வர உங்களுக்கு ஒரு குறையும் இல்லை.

என் சொல் கேட்பீர்கள் என்றால், அத்தானை ஒன்றும் வாங்க வேண்டாம் என்று சொல்லுங்கள். வாடகைக்கு எடுக்கலாம். கழரும் பைண்டிங் போட்ட 120, 130 அளவு ஸ்கீ கேளுங்கள், கிடைக்கும். ஒரு நாள் அதில் ஓடுங்கள். பிறகு ஒரு காலை மட்டும் 140இல் ஓடிப் பாருங்கள். போன வருடம் அது முதல் நாள். இப்போது உங்கள் காலுக்குத் திருப்பம் தெரியும், அதே 140 வேறு மாதிரி இருக்கும். பிடிக்கவில்லை என்றால் 120ஓடே நில்லுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

துருவுக்கு வருகிறேன். சமையலறையில் பாத்திரம் தேய்க்கும் பச்சைத் துணியின் சின்னத் துண்டால் விளிம்பை மட்டும் நீளவாக்கில் தேயுங்கள். கறுப்பான அடிப்பாகத்தில் படக்கூடாது. ஈரம் இல்லாமல் துடையுங்கள். அப்புறம் மெழுகு. ஸ்கீ மெழுகும் பெரும்பாலும் பரஃபின்தான், ஆகவே நிறமும் வாசமும் இல்லாத வெள்ளை மெழுகுதிரி வைத்துப் பாதுகாக்கப் போதும். பழைய அயன்பொக்ஸைக் குறைந்த சூட்டில் வைத்து, மெழுகுதிரியை அதில் தொட்டு அடிப்பாகம் முழுவதும் சொட்டவிட்டு, பிறகு அயன்பொக்ஸால் பரவுங்கள். ஒரே இடத்தில் வைத்திருக்க வேண்டாம். புகை வந்தால் சூடு கூடிவிட்டது. விளிம்பையும் சேர்த்து மூடும் அளவுக்குத் தடிப்பாக விட்டுவிடுங்கள், சுரண்ட வேண்டாம். தகரக் கூரைக்குக் கீழே பரணில் போட வேண்டாம். பன்பாயிலும் சுற்ற வேண்டாம், பன் ஈரம் இழுக்கும்.

பொத்துவில்

ரீச்சர், நான் அறுகம்பேயில் சேர்ஃபிங், அதாவது அலைமேல் பலகையில் ஓடப் பழக்குகிறவன். ஸ்னோ பார்த்ததில்லை. ஆனால் வாசித்துக்கொண்டு வரும்போது ஒன்று யோசித்தேன், எங்கட கடலில் இது அப்படியே தலைகீழ்.

புதுசாக வருகிறவர்களுக்கு நாங்கள் கொடுப்பது 8 அடி, 9 அடி ஸ்பொஞ்ச் போர்ட். சின்ன அலை வரும் பேபி பொயின்ரில் அதில்தான் தொடக்கம். பெரிய அலை வரும் மெயின் பொயின்ரில் ஓடுகிற எங்கட பொடியன்மார் 6 அடிக்கும் குறைந்ததில் ஓடுகிறார்கள். அதாவது பழகுகிறவனுக்கு நீட்டு, பழகினவனுக்குக் கட்டை. ஏன் என்றால் மலையில் இழுவையை மலை தருகிறது, நீங்கள் நின்றால் போதும். கடலில் அலை வருமுன் கையால் வலித்து அதன் வேகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். கட்டைப் போர்ட் ஆளைத் தண்ணீரில் மிதக்க வைக்காது, வலித்தும் போகாது. நீட்டில் மிதப்பும் இருக்கும், எழும்பி நிற்க இடமும் இருக்கும்.

ஆனால் ஒன்று இரண்டுக்கும் பொது. 50 வயதில் ஒரு அம்மா வெளிநாட்டில் இருந்து ஒவ்வொரு வருடமும் ஓகஸ்டில் வருவார். 9 அடிப் போர்ட்தான், இன்றைக்கும் அதுதான். எத்தனையோ பேர் கட்டைக்கு மாறச் சொன்னார்கள், நானும் சொன்னேன். ஒரு நாள் அவர் கால் இரண்டையும் சேர்த்து வைத்து, கையைத் தொங்கவிட்டு, கரை வரைக்கும் ஒரு அசைவும் இல்லாமல் வந்ததைப் பார்த்த பிறகு நான் சொல்வதை விட்டுவிட்டேன். உங்களுக்குப் பிடித்த அளவில் ஓடுங்கள் ரீச்சர். பூட்டு விசயத்தில் மட்டும் அந்தக் களுவாஞ்சிக்குடி நானா சொல்வதைக் கட்டாயம் கேளுங்கள்.

கல்லடி ரீச்சர்

எல்லோருக்கும் நன்றி. பொத்துவில் தம்பி, இலக்கணம் மாதிரி விளக்கிவிட்டீர்கள். இழுவை எங்கே இருந்து வருகிறது என்ற கேள்வியை இந்த முறை பிள்ளைகளுக்கு வகுப்பில் கேட்கப் போகிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. முற்றத்தில் இரண்டு கதிரையைத் திருப்பி வைத்து, அதன்மேல் ஸ்கீயைக் குப்புறப் போட்டு வேலை தொடங்கினேன். பச்சைத் துணியால் நாலு தரம் போய் வந்ததும் துரு கழன்று, கீழே வெள்ளி மாதிரி இரும்பு தெரிந்தது. ஒரே ஒரு இடத்தில், கடைசி நாள் குத்தி நின்ற முனையாக இருக்க வேண்டும், ஒரு நெல்மணி அளவுக்குப் பள்ளம். அதை விரலால் தடவிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். மெழுகுக்கு நாலு திரி முடிந்தது. கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்ததால் சொட்டு விழுந்த கையோடு இறுகியது, அயன்பொக்ஸை இரண்டு தரம் கொண்டு போக வேண்டியிருந்தது. இப்போது அடிப்பாகம் வெள்ளையாக, கிரிபத் மாதிரி மூடிக்கொண்டு இருக்கிறது. பழைய பருத்திச் சேலையில் சுற்றி அலுமாரிக்கு உள்ளேயே வைத்துவிட்டேன்.

இந்தச் சோடியில் இனி நான் சரிவில் இறங்கப் போவதில்லை. கால் நீலமானதை இரவு அக்காவிடம் சொன்னேன். ஏச்சு வாங்கினேன், சரி. அத்தான் ஒன்றும் வாங்கவில்லை, 120ம் 140ம் வாடகைக்குக் கேட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார்.

களுவாஞ்சிக்குடித் தம்பி, சப்பாத்து அக்காவுடையதுதான் போடப் போகிறேன். பெறாமகன் படம் எடுத்து அனுப்பினான். குதிப்பக்கம் 275 மி.மீ. என்று பதிந்திருக்கிறது. என் நிறை 58 கிலோ. இந்த விபரம் கடைக்குப் போதுமா?

களுவாஞ்சிக்குடி

போதும் அக்கா. வயதையும் சேர்த்துச் சொல்லுங்கள், ஓட்டம் எப்படி என்று கேட்டால் 'மெதுவாக' என்று சொல்லுங்கள், அதற்கேற்ற இலக்கம் வைப்பார்கள். நீங்களாகத் திருக வேண்டாம். சரிவுக்குப் போக முன் சமதரையில் சப்பாத்தைப் பூட்டிக்கொண்டு, முன்காலைப் பக்கவாட்டில் மெல்ல முறுக்கிப் பாருங்கள். 'டக்' என்று விட வேண்டும்.